கூப்பர் பிளாக்: போர்டுக்குச் சரி, விலைப்பட்டியலுக்கு வேண்டாம்

கேள்வி: புதிதாக பேக்கரி திறக்கிறோம். ஆங்கிலப் பெயரை ‘கூப்பர் பிளாக்’ ஃபான்ட்டில் அமைத்தோம். போர்டில் அழகாக இருக்கிறது. பழுப்பு அட்டைப்பெட்டியின் பக்கவாட்டில் சிறிதாக அச்சடித்தால் எழுத்து அடைத்துக்கொள்கிறது. ஏன்? விலைப்பட்டியலுக்கும் இதையே போடலாமா? தமிழ்ப் பெயருக்கு எது பொருந்தும்?

பதில்: பேக்கரிக்கு இதைவிடப் பொருத்தமான எழுத்து கிடைப்பது அரிது. செரிஃப் (எழுத்தின் முனைகளில் வரும் சிறு நீட்டல்) உண்டு, ஆனால் கூர்மை கிடையாது. முனையெல்லாம் மழுங்கி, அடிப்பக்கம்கூடத் தட்டையாக இல்லாமல், உப்பி வந்த பன் போல உருண்டிருக்கும். ஆங்கில ‘ஓ’வின் (O) உள்வெளி இடப்பக்கம் சாய்ந்து நிற்பதைப் பாருங்கள், அந்தச் சாய்வுதான் இத்தனை கனத்திலும் எழுத்தை இறுகவிடாமல் வைக்கிறது. சிகாகோவின் ஆஸ்வால்ட் கூப்பர் 1922இல் விளம்பரத்துக்காகவே வரைந்தது இது. படிக்கும் பத்திக்காக அல்ல.

பெட்டியில் நேர்வது இதுதான். ஆங்கிலச் சிறிய ‘ஈ’ (e) எழுத்தின் மேல்கண், அதாவது மேலே மூடிய வெற்றிடம், ஒரு பிறைக்கீற்று அளவே. 10 பாயிண்டில் அதன் உயரம் அரை மில்லிமீட்டருக்கும் குறைவு. பழுப்பு அட்டை மையை உறிஞ்சும், மை ஓரங்களில் பரவும், கண் மூடிவிடும். அடுத்து மூடுவது சிறிய ‘ஏ’ (a). இந்த அட்டையில் 18 பாயிண்டுக்குக் கீழே போகாதீர்கள். டிராக்கிங்கை (எழுத்துகளுக்கு இடையிலான இடைவெளி) 10 முதல் 20 வரை கூட்டுங்கள். சிறிதாகத்தான் வேண்டுமென்றால் இதே குடும்பத்தின் கனம் குறைந்த கூப்பர் மீடியத்துக்கு மாறுங்கள். இலவசமாக வேண்டுமானால் அதே சாயலுள்ள ‘ஃபிரான்சஸ்’ இருக்கிறது. முக்கியமாக, மென்பொருளில் ‘போல்டு’ பொத்தானை அழுத்தியிருக்கிறீர்களா என்று பாருங்கள். ஏற்கெனவே கனமான எழுத்தைச் சுற்றி அது இன்னொரு கோடு ஏற்றி, இருக்கும் கண்ணையும் அடைக்கும்.

அடர் நிறத்தில் வெள்ளை எழுத்தாகப் போடத் தயங்க வேண்டாம். போடோனி போன்ற ஃபான்ட்டில் மெல்லிய கோடுகள் மைக்குள் மறைந்துபோகும். இதில் மறைய மெல்லிய கோடே இல்லை. ஈஸிஜெட் விமானங்களின் ஆரஞ்சு நிறத்தில் வெள்ளையாக நிற்பது இதே எழுத்துதான். உள்ளே விளக்கெரியும் போர்டானால் மட்டும் ஒளி கசிந்து கண்களை அடைக்கும். எழுத்துக்கு எழுத்து இடைவெளி சற்றுக் கூடுதலாக விடச் சொல்லுங்கள். முழுக்க கேபிடலில் அமைக்காதீர்கள், சுவர் போல் ஆகிவிடும். முதலெழுத்து கேபிடல், மற்றவை சிறியவை. கீழிறங்கும் வால்கள் குட்டையானவை என்பதால் இரண்டு வரிப் பெயரை நெருக்கியே வைக்கலாம்: 48 பாயிண்டுக்கு 46 லீடிங் (வரிக்கு வரி உள்ள தூரம்) போதும்.

விலைப்பட்டியலில் தலைப்புக்கு மட்டும் இது. பொருளும் விலையும் 11 பாயிண்டில் நோட்டோ சான்ஸ் போன்ற எளிய எழுத்தில் இருக்கட்டும். எல்லா வரியும் கனமாக இருந்தால் கண் எங்கும் நிற்காது.

தமிழுக்கு மும்பை ஏக் டைப் குழுவின் ‘பாலூ தம்பி 2’ ஃபான்ட், எக்ஸ்ட்ரா போல்டு. செரிஃப் கிடையாது, ஆனால் உருட்சி ஒத்துப்போகிறது, இலவசம். பாயிண்ட் அளவைச் சமமாக வைத்துவிட்டு விடாதீர்கள். ‘ப’வின் உயரத்தை ஆங்கிலச் சிறிய எழுத்தின் உயரத்தோடு பொருத்துங்கள். ‘கி’ மேலேறும், ‘கு’ கீழிறங்கும். தமிழ் இரண்டு வரியானால் லீடிங் 125 சதவீதமாவது வேண்டும். ‘ண’, ‘ஞ’ சுழிகளும் அடைபடக்கூடியவை. அதனால் ஆர்டர் கொடுக்குமுன் அதே அட்டையில், அதே அளவில், ஒரு பெட்டி அடித்துப் பாருங்கள். அச்சகத்துக்கு ஃபைலை அனுப்பும்போது எழுத்துகளை ‘கர்வ்’ (ஃபான்ட் தேவைப்படாத வெறும் வடிவங்கள்) ஆக்கிவிடுங்கள். ஃபான்ட் அங்கே இல்லையென்றால் வேறெழுத்து வந்து உட்கார்ந்துவிடும்.