கோம்பாக் ஆற்றில் பேட்டரி வைத்து மீன் பிடிப்பவர்கள்

வணக்கம் சகோதரரே. மலேசியாவின் சிலாங்கூரில் உள்ள மேல் கோம்பாக்கில் இருவர் முதுகில் பேட்டரி கட்டிக்கொண்டு, தண்ணீரில் மின்சாரம் பாய்ச்சி இரவில் சினைமீன் பிடிக்கிறார்கள், இது தடைக்காலமா, யாரிடம் சொல்வது என்று கேட்டிருந்தீர்கள்.

காலத்தை விடுங்கள். தூண்டிலுக்கு நாடு முழுக்கப் பொதுவான தடைக்காலம் இங்கே இல்லை. ஆற்று விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் மாறும். ஆனால் அந்தப் பேட்டரி எந்த மாதமும் குற்றம்தான். 1985ஆம் ஆண்டு மீன்வளச் சட்டத்தின் 26ஆவது பிரிவு மின்சாரம், வெடி, விஷம் வைத்துப் பிடிப்பதைத் தடை செய்கிறது.

இப்படிப் பிடிப்பவர்கள் போன பிறகு ஒரு காலையில் நான் ஆற்றைப் பார்த்திருக்கிறேன். விரல் நீளக் குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய, கல் இடுக்குகளில் ஒதுங்கிக் கிடந்தன. பெரியதை மட்டும் எடுத்துப் போயிருந்தார்கள். இன்றைக்கும் மனசு ஆறவில்லை.

சரி, செய்ய வேண்டியது: மீன்வளத் துறையின் சிஸ்பா (SISPAA) என்ற இணையப் புகார் தளத்தில் மலாயில் புகார் போடுங்கள். 'ரெஞ்சாத்தான் எலெக்ட்ரிக்' (renjatan elektrik, மின் அதிர்ச்சி) என்ற சொல் கட்டாயம் இருக்கட்டும். தேதி, நேரம், இடத்தின் கூகள் மேப் குறி, வண்டியின் பிளேட் நம்பர், தூரத்திலிருந்து எடுத்த படம் சேருங்கள். அவர்கள் ஆற்றில் நிற்கும்போதே பார்த்தால் பக்கத்துப் போலீஸ் நிலையத்துக்கு அழையுங்கள். தட்டிக் கேட்கப் போகாதீர்கள், தண்ணீரில் கால் வைக்கவே வைக்காதீர்கள். அந்தக் கரண்ட் ஆளையும் கொல்லும். பிளேட் நம்பர் கிடைக்காவிட்டாலும் புகாரைப் போட்டுவிடுங்கள்.