புளூஸ்: எதை முதலில் படிப்பது?

கேள்வி: ராபர்ட் ஜான்சனின் பாட்டுகள் என்னைப் பிடித்துக்கொண்டுவிட்டன. அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசையான புளூஸின் ஆரம்பகால வரலாற்றை எந்தப் புத்தகத்தில் தொடங்கலாம்? (கோவை வாசகர்)

பதில்: எலைஜா வால்டு 2004இல் எழுதிய ‘எஸ்கேப்பிங் த டெல்டா’வில் தொடங்குங்கள். நீங்கள் நுழைந்த வாசல் ஜான்சன் என்பதால்தான் இதைச் சொல்கிறோம். அவர் வாழ்ந்த காலத்தில் கறுப்பின ரசிகர்களிடம் அவருக்குப் பெரிய பெயர் இல்லை. பெஸ்ஸி ஸ்மித், லிராய் கார் போன்றவர்களே அன்றைய நட்சத்திரங்கள். ஜான்சனைத் தலையில் தூக்கிவைத்தவர்கள் பெரும்பாலும் பின்னாளில் வந்த வெள்ளைக்கார ரசிகர்கள். இதை வால்டு பொறுமையாக நிறுவுகிறார்.

1936 நவம்பரில் சான் அன்டோனியோவிலும் 1937 ஜூனில் டாலஸிலும் ஜான்சன் பதிவுசெய்தது மொத்தம் 29 பாட்டுகள். புத்தகத்தின் நடுப்பகுதி அவற்றை எடுத்துப் பேசுகிறது. அதை வெறுமனே வாசித்தால் பாதிதான் கிடைக்கும். பத்தியைப் படியுங்கள், பாட்டைக் கேளுங்கள், மறுபடி பத்திக்கு வாருங்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று நிமிடம்தான். ‘கம் ஆன் இன் மை கிச்சன்’ கேட்ட கையோடு, மிசிசிப்பி ஷீக்ஸ் குழுவின் 1930ஆம் ஆண்டு இசைத்தட்டான ‘சிட்டிங் ஆன் டாப் ஆஃப் த வேர்ல்ட்’ கேளுங்கள். மெட்டு எங்கிருந்து வந்தது என்பதைக் காதே சொல்லிவிடும்.

அடுத்து ராபர்ட் பாமரின் ‘டீப் புளூஸ்’ (1981). அமெரிக்கத் தெற்கிலுள்ள மிசிசிப்பி டெல்டா பகுதியிலிருந்து சிகாகோ வரை புளூஸ் பாடகர் மடி வாட்டர்ஸைப் பின்தொடரும் அருமையான நடை. ஆனால் இதையே முதலில் படித்தால் புளூஸ் முழுக்க டெல்டாவில்தான் முளைத்தது என்ற எண்ணம் மனதில் ஊறிவிடும். பிறகு அதைக் களைவது கஷ்டம். மூன்றாவது, லின் ஆபட்டும் டக் செராஃபும் எழுதிய ‘தி ஒரிஜினல் புளூஸ்’ (2017). அக்காலக் கறுப்பினப் பத்திரிகைகளைப் புரட்டி, இசைத்தட்டுக்கு முன்பே நாடகக் கொட்டகை மேடைகளில் புளூஸ் எப்படி வளர்ந்தது என்று காட்டுகிறார்கள். பெயர்களும் தேதிகளும் நெருக்கியடிக்கும் கனத்த புத்தகம் இது. முதல் பக்கத்திலிருந்து போகாமல், ‘ஸ்ட்ரிங் பீன்ஸ்’ என்ற பட்டப்பெயரோடு மேடையைக் கலக்கிய பட்லர் மே பற்றிய அத்தியாயத்தில் நுழையுங்கள்.

கேள்வி: ஜான்சன் நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்றதாகச் சொல்கிறார்களே? (திருச்சி வாசகர்)

பதில்: ‘கிராஸ் ரோடு புளூஸ்’ பாட்டையே கவனித்துக் கேளுங்கள். அதில் சாத்தான் இல்லை. நாற்சந்தியில் மண்டியிட்டுக் கடவுளிடம் இரக்கம் கேட்கிறார், போகிற வண்டியை நிறுத்தப் பார்க்கிறார், யாரும் ஏற்றிக்கொள்ளவில்லை. நாற்சந்திக் கதை டாமி ஜான்சன் என்ற வேறொரு பாடகரைப் பற்றியது. அவருடைய அண்ணன் லெடெல் ஆய்வாளர் டேவிட் எவன்ஸிடம் சொன்ன அந்தக் கதை பிறகு ராபர்ட்மேல் ஒட்டிக்கொண்டது. புரூஸ் கான்ஃபோர்த்தும் கேல் டீன் வார்ட்லோவும் எழுதிய ‘அப் ஜம்ப்டு த டெவில்’ (2019) படியுங்கள். ராபர்ட்டுக்குக் கிட்டார் கற்றுக்கொடுத்தவர் ஐக் ஜிம்மர்மன் என்ற மனிதர். இருவரும் இரவில் கல்லறைத் தோட்டத்தில் பயிற்சி செய்தது அங்கே தொந்தரவு இல்லை என்பதற்காக. ஒரு கலைஞனின் உழைப்பைச் சாத்தானின் கணக்கில் எழுதுவது பெரிய அநியாயம்.

கேள்வி: பெண்களைப் பற்றித் தனியாக நூல் உண்டா? (சென்னை வாசகி)

பதில்: உண்டு, அதைத் ‘தனி’ என்று ஒதுக்கவும் கூடாது. பாடகி மேமி ஸ்மித் ‘கிரேஸி புளூஸ்’ பாடிப் பதிவுசெய்தது 1920 ஆகஸ்ட் 10. கிட்டாரோடு தனியாகப் பாடிய பிளைண்ட் லெமன் ஜெஃபர்சன் இசைத்தட்டுக்கு வந்தது 1926 வாக்கில்தான். ஏஞ்சலா டேவிஸின் ‘புளூஸ் லெகஸீஸ் அண்ட் பிளாக் ஃபெமினிஸம்’ (1998) வாங்குங்கள். மா ரெய்னி, பெஸ்ஸி ஸ்மித் இருவரின் பாடல் வரிகளும் பின்பகுதியில் அச்சாகியுள்ளன. அதற்காகவே வாங்கலாம்.

கேள்வி: சார்லி பேட்டன் பாட்டில் இரைச்சல்தான் கேட்கிறது, சொற்கள் பிடிபடவில்லை. (சேலம் வாசகர்)

பதில்: குறை உங்கள் காதில் இல்லை. பேட்டனின் பெரும்பாலான தட்டுகளை வெளியிட்ட பாரமவுண்ட், விஸ்கான்சினில் ஒரு நாற்காலி கம்பெனி நடத்திய தொழில். மலிவான கலவையில் வார்த்த தட்டுகள் அவை. இன்று நாம் கேட்பது பலரும் ஓட்டித் தேய்ந்த பிரதிகளிலிருந்து எடுத்த ஒலி. போதாததற்கு, பேட்டன் வரியின் கடைசிச் சொல்லை விழுங்கிவிட்டுக் கிட்டாரைப் பேசவிடுவார். ஒரு வழி இருக்கிறது. புளூஸில் பெரும்பாலும் முதல் வரி இரண்டாம் முறையும் வரும், மூன்றாவது வரி அதற்குப் பதிலாக அமையும். முதல் முறை நழுவிய சொல் இரண்டாம் முறை பிடிபடலாம். ஹெட்ஃபோனில் கேட்டு நீங்களே எழுதிப் பார்த்த பிறகு அச்சில் உள்ளதோடு ஒப்பிடுங்கள். ஜெஃப் டாட் டைட்டனின் ‘எர்லி டவுன்ஹோம் புளூஸ்’ (1977) வரிகளோடு இசைக்குறிப்பும் தருகிறது. பேட்டன் விஷயத்தில் வல்லுநர்களே ஆளுக்கொரு விதமாக எழுதியிருக்கிறார்கள். ஒரே பிரதியை நம்பிவிடாதீர்கள்.

கேள்வி: ஆலன் லோமாக்ஸின் ‘த லேண்ட் வேர் த புளூஸ் பிகேன்’ நம்பகமானதா? (மதுரை வாசகர்)

பதில்: மனிதர்களின் குரலுக்காகப் படியுங்கள், தேதிக்காக வேண்டாம். லோமாக்ஸ் நாட்டார் பாடல்களைத் தேடிப் பதிவுசெய்தவர். 1941, 1942 ஆண்டுகளில் மிசிசிப்பியின் கோஹோமா கவுண்டியில் நடந்த களப்பணி பற்றி அவர் எழுதி வெளியிட்டது 1993இல். இரண்டு பயணங்கள் அதில் ஒன்றாகக் கலந்துவிட்டன. அந்த ஆய்வில் பங்கேற்ற ஃபிஸ்க் பல்கலைக்கழகக் கறுப்பின அறிஞர்கள் ஜான் வொர்க், லூயிஸ் ஜோன்ஸ், சாமுவேல் ஆடம்ஸ் மூவருக்கும் உரிய இடம் அதில் கிடைக்கவில்லை. அவர்கள் எழுதி வைத்தவை 2005இல்தான் ‘லாஸ்ட் டெல்டா ஃபவுண்ட்’ என்று வெளிவந்தன. அதை முதலில் முடித்துவிட்டு லோமாக்ஸுக்குப் போங்கள்.