புது வீட்டின் முன்னால் தோட்டம் போட எங்கிருந்து தொடங்குவது? வீட்டின் வெளித்தோற்றத்தையும் அழகாக்க என்ன செய்யலாம்?

முதலில் செடி வாங்காதீர்கள். ஒரு கடப்பாரை எடுத்து, தோட்டம் வரப்போகிற இடத்தில் ஒரு குழி தோண்டிப் பாருங்கள்.

புது வீடு என்று எழுதியிருக்கிறீர்கள். அநேகமாக வேலை முடிந்து சாவி கைக்கு வந்திருக்கும். முன்னால் சிவப்பாக மண் பரப்பி, சமப்படுத்திக் கொடுத்திருப்பார்கள். எந்த மூலையில் எந்தச் செடி என்று நீங்களும் மனதுக்குள் படம் போட்டு முடித்திருப்பீர்கள். அந்தச் சிவப்பு மண்ணை நம்ப வேண்டாம் என்று சொல்லத்தான் இந்தப் பதிலே.

எங்களுக்கும் அப்படித்தான் கொடுத்தார்கள். வீட்டைப் பார்க்க வந்தவர்கள் எல்லாரும் "வாசல் வெறிச்சென்று இருக்கிறதே, நாலு செடி வைக்கக் கூடாதா?" என்றார்கள். நான் விவசாயி வீட்டில் வளர்ந்தவள். மண்ணைப் பார்க்காமல் எதையும் நடுவதில்லை என்று இருந்தேன். ஒரு சாண் ஆழம் போவதற்குள் கடப்பாரை ணங்கென்று நின்றது. மேலே இருந்தது நாலு விரல்கடை மண்தான். அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் கெட்டிப்பட்ட ஒரு தட்டு. சாந்து குழைத்துச் சட்டி கழுவி ஊற்றிய இடம் அது. அதை உடைத்தால் உள்ளே உடைந்த டைல்ஸ், கட்டுக்கம்பித் துண்டுகள், குழாய் வெட்டியதில் விழுந்த வளையம், பாதி கிழிந்த சிமென்ட் சாக்கு. குழியில் ஊற்றிய தண்ணீர் சாயங்காலம் வரை இறங்காமல் அப்படியே நின்றது. இதன்மேல் செடியை வைத்துவிட்டு, "என் கைக்கு எதுவும் வராது" என்று எத்தனை பேர் தங்களையே நொந்துகொள்கிறார்கள் என்று நினைத்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது.

சிமென்ட், சுண்ணாம்பு இரண்டுக்கும் காரத்தன்மை அதிகம். அவை கலந்த மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் அதை இழுக்க முடியாது. செம்பருத்தி, இட்லிப்பூ போன்றவற்றில் இது சீக்கிரமே தெரியும். புதுத் தளிர் மஞ்சளாக வரும், நரம்பு மட்டும் பச்சையாக ஓடும். அதைப் பார்த்ததும் பலர் யூரியா போடுகிறார்கள். யூரியா தருவது தழைச்சத்து, அதாவது நைட்ரஜன். தழைச்சத்துக் குறைந்தால் அடியில் இருக்கும் பழைய இலைதான் முதலில் முழுசாக மஞ்சளாகும். எந்த இலை, எப்படி மஞ்சளாகிறது என்று உட்கார்ந்து பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். மண்ணில் சுண்ணாம்பு இருக்கிறதா என்று தெரிய ஒரு கைப்பிடிக் காய்ந்த மண்ணில் வினிகர் ஊற்றுங்கள், நன்றாக நுரைத்தால் இருக்கிறது. தண்ணீர் இறங்குவதைப் பார்க்க 30 செ.மீ. ஆழக் குழியை ஒரு முறை நிரப்பி வடியவிட்டு, மறுபடி நிரப்பி அளந்து பாருங்கள். மணிக்கு 2.5 செ.மீ.கூட இறங்கவில்லை என்றால் அங்கே பெரும்பாலான செடிகளுக்கு வேர் அழுக வாய்ப்பு அதிகம்.

நாங்கள் கழிவை முடிந்தவரை வாரி வெளியே எடுத்தோம். லாரியும் கலவை இயந்திரமும் ஏறி இறங்கி இறுகிக் கிடந்த மண்ணைக் கொத்தி, தொழு உரம் கலந்தோம். அப்புறம் ரோஜாவோ மல்லிகையோ வைக்காமல், மண்ணுக்கு உரமாக மடக்கி விடுகிற பசுந்தாள் செடியான தக்கைப்பூண்டு விதைத்தேன். அது கார மண்ணையும் தாங்கும், தண்ணீர் தேங்கினாலும் தாங்கும். வேர் முடிச்சுகளில் காற்றிலிருக்கும் நைட்ரஜனையும் பிடித்து வைக்கும். தெருவே வேடிக்கை பார்த்தது. இடுப்புயரத்துக்கு வளர்ந்து மஞ்சள் பூ எட்டிப் பார்க்கிற நேரத்தில், கிட்டத்தட்ட 45 நாளில், அதை வெட்டி மண்ணிலேயே போட்டுக் கொத்திவிட வேண்டும். நான் வெட்டியபோது பக்கத்து வீட்டு அக்கா ஓடி வந்து, "நல்லாத்தானே இருந்தது, ஏன் வெட்டுறே?" என்று கையைப் பிடித்தார். சில மாதம் கழித்து அதே இடத்தில் மண்ணை அள்ளினால் விரலிடுக்கில் பொலபொலவென்று உதிர்ந்தது, மண்புழுவும் வந்திருந்தது. அந்த அக்கா இப்போது என்னிடம் விதை வாங்கிப் போகிறார். இதை நான் பெருமையாகவே சொல்கிறேன்.

"இவ்வளவு பொறுமை யாருக்கு இருக்கிறது, மேலே ஒரு லோடு நல்ல மண் கொட்டினால் போதாதா?" என்று கேட்பவர்கள் இருப்பார்கள். வேலைக்குப் போகிறவர்களுக்கு நேரம் கிடைக்காது என்பது எனக்கும் தெரியும், நானும் வேலைக்குப் போகிறவள்தான். மண் கொட்டலாம், உயரப் பாத்தியும் கட்டலாம். ஆனால் சுவரை ஒட்டிக் கொட்டாதீர்கள். சுவரின் அடியில் ஈரம் ஏறாமல் தடுக்க ஓர் அடுக்கு வைத்துக் கட்டியிருப்பார்கள். தோட்டத்து மண் அதற்கு 15 செ.மீ.யாவது கீழே இருக்க வேண்டும். மண் அதைத் தாண்டினால் ஈரம் நேராக உள்சுவருக்கு வந்துவிடும், கரையானுக்கும் வழி கிடைக்கும். தரையின் வாட்டமும், அதாவது சரிவும், வீட்டிலிருந்து வெளியே போகும்படி இருக்க வேண்டும், சுவரிலிருந்து முதல் 3 மீட்டருக்குள் 15 செ.மீ. இறக்கம் கொடுத்தால் மழைத்தண்ணீர் அஸ்திவாரத்தில் நிற்காது.

வாட்டம் என்றதும் ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நாம் பார்த்துப் பார்த்துச் சரிவு கொடுத்து வைப்போம். அப்புறம் தெருவுக்கு ரோடு போட வருவார்கள். பழைய ரோட்டைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே இன்னொரு அடுக்கு போட்டுவிட்டுப் போவார்கள். எங்கள் தெருவில் அப்படிப் போட்டுப் போட்டு, ஒரு வயதான தம்பதியின் வீட்டு வாசல் இப்போது ரோட்டுக்குக் கீழே இருக்கிறது. மழை பெய்தால் இருவரும் வாளியோடு நிற்கிறார்கள். கடன் வாங்கி வீட்டை உயர்த்து என்று அந்த வயதில் அவர்களிடம் யார் சொல்வது? பழையதைச் சுரண்டிவிட்டுப் போட்டால் மட்டம் மாறாது. கேட்டு எழுதிக் கொடுத்தும் பதில் வரவில்லை. உங்கள் தெருவில் வேலை தொடங்கும்போதே எல்லாரும் சேர்ந்து போய் நின்று கேளுங்கள்.

சரி, முகப்புக்கு வருகிறேன். வெளிச்சுவர்ப் பூச்சு முடிந்து 28 நாளாவது ஆகாமல் பெயின்ட் அடிக்க விடாதீர்கள். ஈரமும் காரமும் உள்ளே இருக்கும்போது அடித்தால் உப்புப் பூத்து உரிந்து வரும். பெயின்டுக்கு முன்னால் அடிக்கும் ப்ரைமரையும் காரத்தைத் தாங்குவதாகக் கேட்டு வாங்குங்கள். நிறத்தைச் சின்ன அட்டையில் பார்த்து முடிவு செய்யாமல், சுவரிலேயே ஒரு கதவளவு அடித்துக் காலை வெயிலிலும் சாயங்காலமும் பாருங்கள். சுவருக்கும் செடிக்கும் நடுவே ஒன்றரை அடிக்கு ஜல்லி போட்டுவிட்டால் மழையில் சேறு தெறித்துச் சுவர் கறையாகாது. செடியின் இன்றைய உயரத்தைப் பார்த்து இடைவெளி விடாதீர்கள், முழுதாக வளர்ந்தால் எவ்வளவு அகலம் வரும் என்று கேட்டு விடுங்கள். நடைபாதை நாலடி அகலமாவது இருந்தால்தான் இரண்டு பேர் சேர்ந்து நடக்க முடியும். விளக்கு வெளிச்சத்தின் நிறத்தைக் குறிக்கும் அளவு 2700 முதல் 3000 கெல்வினுக்குள் இருந்தால் இதமான வெளிச்சம் வரும், இலைகளும் இரவில் வெளிறித் தெரியாது.

முன்புறம் முழுக்கக் கல் பதித்துவிடுவது சுத்தம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெயிலை உறிஞ்சி இரவெல்லாம் வீட்டுப் பக்கம் வெக்கை அடிக்கும், மழையும் மண்ணுக்குள் போகாது. வண்டி நிறுத்த வேண்டும் என்றால் சக்கரம் ஓடுகிற இரண்டு பட்டைக்கு மட்டும் கான்கிரீட் போட்டு, நடுவில் புல் விடலாம்.

கட்டியவர்களுக்கு இன்னும் கடைசித் தவணை பாக்கி இருந்தால் இன்றைக்கே அந்தக் குழியைத் தோண்டிவிடுங்கள். உள்ளே கழிவு இருந்தால் அள்ளிக்கொண்டு போன பிறகுதான் பணம் என்று சொல்லுங்கள். தண்ணீர்க் குழாய், கழிவுநீர்க் குழாய், மின்சாரக் கேபிள் எந்த வழியாகப் போகின்றன என்று ஒரு தாளில் வரைந்து வாங்கிக்கொள்ளுங்கள், மரம் வைக்கும்போது அந்தத் தாள்தான் தேவைப்படும்.