தினமும் அதே வேலை, அதே வீடு: இதுல கிறிஸ்தவனுக்கு நிலையான நோக்கம்னு ஒண்ணு எங்க இருக்கு?

கேள்வி கேட்ட தம்பி கீழ விளக்கமாவும் எழுதியிருந்தாரு. கடையில பில் போடற வேலை, காலைல போயி ராத்திரி வர்றது, ஞாயித்துக்கிழமை சர்ச், பைபிளும் தவறாம படிக்கறாரு, ஆனா "தேவன் உனக்கு பெரிய திட்டம் வச்சிருக்கார்"னு எல்லாரும் சொல்றாங்களே, அது எனக்கு என்னைக்குத்தான் தெரியும்னு. அத படிச்சதுல இருந்து மனசு கேக்கல, அதான் எழுதறேன். நான் போதகர் இல்ல, ரங்கூன்ல இருக்கற ஒரு தையக்காரி, முப்பது வருஷமா இதே வேலை.

முதல்ல அந்த "பெரிய திட்டம்" எங்க இருந்து வருதுன்னு பாத்துடலாம் தம்பி. உங்க ஊர்லயும் இருக்கும், டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிஞ்சு வாக்குத்தத்த கார்டு எடுப்போம் இல்லையா, எங்க சபையிலயும் அப்படித்தான், ஒரு வருஷம் எனக்கு எரேமியா 29:11 வந்துச்சு. உங்கள் பேரில் நான் நினைத்திருக்கிற நினைவுகளை அறிவேன், அவைகள் தீமைக்கல்ல சமாதானத்துக்கேதுவான நினைவுகள்னு வரும்ல, அதுதான். கார்டுல அந்த ஒரு வசனம்தான் இருக்கும். ஆனா அது ஒரு கடிதம், எருசலேம்ல இருந்து பாபிலோனுக்கு பிடிச்சிட்டு போன ஜனங்களுக்கு எரேமியா எழுதினது. மேல 10ஆம் வசனத்துல 70 வருஷம்னு இருக்கு, அப்போ அந்த கடிதத்த கையில வாங்கி படிச்ச பெரியவங்கள்ல முக்கால்வாசி பேரு திரும்பி போறத பாத்திருக்கவே மாட்டாங்க. அவங்களுக்கு சொன்ன வேலை என்னன்னா 5ஆம் வசனத்துல இருக்கு: வீடு கட்டுங்க, குடியிருங்க, தோட்டம் போடுங்க, அதோட பழத்த சாப்பிடுங்க. 7ல அந்த பட்டணத்தோட சமாதானத்துக்காக ஜெபம் பண்ணுங்கன்னு இருக்கு. சிறையா பிடிச்சிட்டு போன ஊருக்காக! பெரிய திட்டம் அவரு கையில இருக்கு, இவங்க கையில தோட்டமும் அடுப்பும் பிள்ளைங்களும்தான்.

இது எனக்கு ஏன் உறைக்குதுன்னா நாங்களும் தங்கிப்போன குடும்பம். 1964ல இங்க கடை எல்லாத்தையும் அரசாங்கம் எடுத்துக்கிச்சு, 50, 100 கியாட் நோட்டு செல்லாதுன்னுட்டாங்க, எங்க சொந்தக்காரங்க பாதி பேரு கப்பல் ஏறி மெட்ராஸ் போயிட்டாங்க. பாட்டி போகல. மிஷின் ஒண்ணு இருந்துச்சு, அத மிதிச்சுக்கிட்டு இங்கயே இருந்துட்டாங்க. அந்த கால் மிஷின்தான் இன்னைக்கு கரண்ட் இல்லாத நேரத்துல எனக்கு சோறு போடுது, மோட்டார் போட்டு வச்ச மிஷின் சும்மா நிக்கும், பாட்டி மிஷின் ஓடும்.

சரி என் கதைக்கு வர்றேன். 2021 ஜூலைல இங்க கொரோனா ரொம்ப மோசமா இருந்துச்சு, ஆக்சிஜன் சிலிண்டர தூக்கிட்டு ஜனங்க வரிசைல நின்னாங்க, அந்த மாசத்துல என் வீட்டுக்காரர் போயிட்டாரு. அதுக்கப்புறம் நாலு மாசம் நான் மிஷின தொடல. நீங்க கேக்கற அதே கேள்விதான், ஆனா நான் கத்தி கேட்டேன், எதுக்கு இதெல்லாம்னு. லுங்கி மூட்டறேன், தமெய்னுக்கு (இங்க பொம்பளைங்க கட்டற லுங்கி) மேல கருப்பு பட்டி வச்சு தைக்கறேன், ஜூன் வந்தா ஸ்கூல் பிள்ளைங்களுக்கு பச்சை லுங்கி வெள்ளை சட்டை, அடுத்த வருஷம் பிள்ளை வளந்துரும், துணி பத்தாது, மறுபடி அதே பச்சை அதே வெள்ளை. பிரசங்கி புத்தகத்துல "மாயை, மாயை, எல்லாம் மாயை"ன்னு வருதே, அது மட்டும்தான் அப்போ உண்மைன்னு பட்டுச்சு. (மாயைன்னா தமிழ்ல நமக்கு பொய்த்தோற்றம்னு தோணும், ஆனா எபிரெய மூலத்துல இருக்கற வார்த்தை ஹெபெல், மூச்சுக்காத்து, புகைன்னு அர்த்தம். பொய்ன்னு சொல்லல, கையில பிடிச்சு வச்சுக்க முடியாதுன்னு சொல்றாரு. இது தெரிஞ்சப்போ எனக்கு அந்த புத்தகத்து மேல இருந்த பயம் போச்சு.)

அந்த நாட்கள்ல நீளமா எதையும் படிக்க முடியாது, ரெண்டு வரி போனா கண்ணு மங்கிடும். பைபிள்ல பிலேமோன்ங்கற கடிதத்த எடுத்ததுக்கு காரணமே அது சின்னது, 25 வசனம்தான். சின்ன வயசுல இருந்து தாண்டி தாண்டி போன புத்தகம். பவுல் சிறையில இருந்து பிலேமோன்ங்கற ஒரு எஜமானுக்கு எழுதறாரு, அவன் வீட்டு அடிமை ஒநேசிமு அவன விட்டு பிரிஞ்சு பவுல்கிட்ட வந்து சேந்துட்டான், அங்க விசுவாசியாகிட்டான், இப்போ அவன திருப்பி அனுப்பறாரு. 11ஆம் வசனத்துல, முன்னே அவன் உமக்குப் பிரயோஜனமில்லாதவன், இப்பொழுதோ உமக்கும் எனக்கும் பிரயோஜனமுள்ளவன்னு எழுதறாரு. ஒநேசிமுங்கற பேருக்கே கிரேக்குல பிரயோஜனமுள்ளவன்னுதான் அர்த்தம், அடிமைங்களுக்கு எஜமானுங்க வைக்கற மாதிரி பேரு. யோசிச்சு பாருங்க, பிரயோஜனம்ங்கறதையே பேரா வச்சு கூப்பிட்டு வேலை வாங்கியிருக்காங்க, ஆனா அந்த வீட்டுல அவன் பிரயோஜனமில்லாதவன். அப்புறம் என்ன மாறுச்சு? வேலை மாறல. அதே வீட்டுக்குத்தான் போறான், அதே தண்ணிய தூக்கப் போறானோ என்னவோ. 16ல அவன இனிமே அடிமையா இல்ல, பிரியமான சகோதரனா ஏத்துக்கோன்னு இருக்கு. 18ல, அவன் உமக்கு ஏதாவது கடன்பட்டிருந்தா அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும்னு இருக்கு.

என் கணக்கிலே வைத்துக்கொள்ளும். நானும் கணக்கு நோட்டு வச்சிருக்கேன் தம்பி, யாரு யாரு தையக்கூலி பாக்கின்னு. ஒருத்தன் கடன இன்னொருத்தன் பேர்ல எழுதினா அந்த நோட்டுல என்ன நடக்கும்னு எனக்கு தெரியும், முதல் ஆளு பேருக்கு நேரா கோடு போட்டு அடிச்சுடுவோம். அவன் அதுக்கப்புறம் கடைக்கு வர்றப்போ தலைய குனிஞ்சுக்கிட்டு வர வேண்டியதில்ல. நான் அன்னைக்கு வரைக்கும் தைச்சதெல்லாம் தேவன்கிட்ட கடன் அடைக்கற மாதிரி, ஏதாவது பெரிசா செஞ்சு காமிச்சாத்தான் என் வாழ்க்கைக்கு மதிப்புங்கற மாதிரி. கணக்கு ஏற்கனவே அடிச்சாச்சுன்னா அப்புறம் செய்யற வேலை எல்லாம் வேற மாதிரி ஆயிடுது. நீங்க தேடற நோக்கம் இங்கதான் இருக்குன்னு நான் நம்பறேன், என்ன வேலைங்கறதுல இல்ல, யாரோட ஆளா அந்த வேலைய செய்யறோம்ங்கறதுல.

இந்த பர்மா மண்ணுலயே இதுக்கு ஒரு ஆளு உண்டு. கோ தா பியூன்னு ஒரு கரேன்காரர், கரேன்ங்கறது இங்க இருக்கற ஒரு இனம். கொள்ளைக்காரர், முப்பது கொலையில சம்பந்தப்பட்டவர்னு அவரே ஒத்துக்கிட்டிருக்காரு, முன்கோபி, கடனுக்காக அடிமையா போனவர். ஒரு பர்மிய விசுவாசி கடன கட்டி வாங்கினாரு, அவரால இவரு கோபத்த தாங்க முடியல, கடைசில அமெரிக்காவுல இருந்து வந்த ஜட்சன் மிஷனரிதான் தன்கிட்ட எடுத்துக்கிட்டாரு. 1828ல டாவோய்ல ஞானஸ்நானம். அதுக்கப்புறம் அவரு சாகற வரைக்கும், 1840 வரைக்கும், கரேன் ஊர் ஊரா நடந்து சொன்னதுல எத்தனை ஜனம் விசுவாசத்துக்கு வந்துச்சு! ஒநேசிமு கதைய படிக்கறப்பல்லாம் எனக்கு அவரு முகம் எப்படி இருந்திருக்கும்னு தோணும்.

ஜட்சன் பேரு வந்துட்டதால இன்னொண்ணும் சொல்லியே ஆகணும், எனக்கு ரொம்ப பிடிச்சது, தையக்காரி பார்வையில. அவரும் மனைவி ஆனும் 1813 ஜூலைல ரங்கூன்ல வந்து இறங்கினாங்க. முதல் பர்மிய விசுவாசி ஞானஸ்நானம் எடுத்தது 1819 ஜூன்ல. கிட்டத்தட்ட 6 வருஷம், ஒரு ஆளு கிடையாது! அந்த 6 வருஷம் என்ன பண்ணாங்கன்னா பாஷை படிச்சாங்க, எழுத்து எழுத்தா. 1823ல புதிய ஏற்பாடு பர்மிய பாஷைல மொழிபெயர்த்து முடிச்சாரு. அடுத்த வருஷம் இங்கிலீஷ்காரனோட சண்டை வந்துச்சு, அப்போ ராஜா இருந்த தலைநகரம் ஆவாவுல அவர பிடிச்சு விலங்கு மாட்டி ஜெயில்ல போட்டாங்க. கையெழுத்துப் பிரதிய ஆன் அம்மா முதல்ல மண்ணுல புதைச்சு வச்சாங்க, மழைக்காலம் வந்துச்சு, ஈரத்துல அழுகிடும். அதனால பஞ்ச வச்சு சுத்தி தலையணையா தைச்சு ஜெயிலுக்கு கொடுத்தாங்க. வேணும்னே கட்டியா, கரடுமுரடா தைச்சாங்க, பாத்தா யாருமே ஆசைப்படக்கூடாதுன்னு. நான் முப்பது வருஷமா அழகா தைக்கத்தான் பாடுபடறேன், அந்தம்மா அசிங்கமா இருக்கணும்னு கவனமா உக்காந்து தைச்சிருக்காங்க, அந்த ஒவ்வொரு தையலையும் நான் நினைச்சு பாப்பேன். அப்புறம் கைதிங்கள ஓங்பென்லாங்கற ஊருக்கு கொண்டு போறப்போ காவக்காரன் தலையணைய சுத்தியிருந்த பாய உருவிக்கிட்டு அந்த உருண்டைய தூக்கி போட்டுட்டான். மோங் இங்னு ஒரு விசுவாசி, உள்ள என்ன இருக்குன்னே தெரியாது, நம்ம ஐயாவோட ஞாபகமா இருக்கட்டும்னு எடுத்துட்டு போனாரு. பல மாசம் கழிச்சுத்தான் உள்ள அந்த புதிய ஏற்பாட்டு பிரதி அப்படியே இருக்கறது தெரிஞ்சுது.

ஆன் அம்மா 1826 அக்டோபர்ல ஆம்ஹர்ஸ்ட்ல இறந்து போனாங்க, வயசு 36. முழு பைபிள் மொழிபெயர்ப்பு முடிஞ்சது 1834ல. அவங்க பாக்கல. இன்னைக்கும் இங்க பர்மிய சபைங்கள்ல அந்த மொழிபெயர்ப்பத்தான் வாசிக்கறாங்க, பக்கத்து தெரு சபையில வாசிக்கறது ஜன்னல் வழியா எனக்கு கேக்கும். ஒரு தலையணை தைச்சாங்க, அவ்வளவுதான் அன்னைக்கு அவங்க செஞ்ச வேலை. 1 கொரிந்தியர் 15ஆம் அதிகாரம் முழுக்க உயிர்த்தெழுதல பத்தி பேசிட்டு, கடைசி வசனத்துல பவுல் என்ன சொல்றாரு, கர்த்தருக்குள் நீங்க படற பிரயாசம் விருதாவா போகாதுன்னு. நிலைக்கறதுங்கறது துணி நிலைக்கறது இல்ல தம்பி. கல்லறை காலியா இருந்தது உண்மைன்னா பிரயாசம் வீணில்ல, அது பொய்ன்னா நானும் நீங்களும் பரிதாபமானவங்கதான், பவுலே அதே அதிகாரத்துல அப்படித்தான் சொல்றாரு. நான் உண்மைன்னு நம்பறேன், என் வீட்டுக்காரர புதைச்ச மண்ணு பக்கத்துல நின்னுக்கிட்டும் நம்பறேன்.

ஒரு விஷயம் சொல்லாம விட்டா தப்பு. "எதைச் செய்தாலும் அதை மனுஷர்களுக்கென்று செய்யாமல் கர்த்தருக்கென்றே"ன்னு கொலோசெயர் 3ல வருதே, அத நான் பொண்ணா இருக்கறப்போ வேலை பாத்த ஒரு கார்மென்ட்ஸ்ல சூப்பர்வைசர் ஒருத்தர், அவரும் சபைக்கு போறவர்தான், ஓவர்டைம் காசு கேட்ட பிள்ளைங்ககிட்ட சொன்னாரு. எனக்கு அன்னைக்கு பதில் தெரியல. இப்போ தெரியும். அந்த வசனம் அடிமைங்களுக்கு எழுதினது, உன் வேலைய மனுஷன் மதிக்கலன்னாலும் பாக்கறவர் ஒருத்தர் இருக்காருன்னு அவங்களுக்கு கொடுத்த தைரியம் அது, முதலாளி கையில கொடுத்த கம்பு இல்ல. அடுத்த அதிகாரம் முதல் வசனத்துலயே எஜமான்களே, வேலைக்காரருக்கு நீதியும் செவ்வையுமானதைச் செய்யுங்கள், உங்களுக்கும் பரலோகத்தில் எஜமான் இருக்கிறார்னு வருது. அதனால உங்க கடையில நியாயமான சம்பளம் கேக்கறதுக்கும், மனசார வேலை செய்யறதுக்கும் சண்டை கிடையாது. வேற வேலை கிடைச்சா போறதும் தப்பு இல்ல.

நாலு மாசம் கழிச்சு எப்படி மிஷின்ல உக்காந்தேன்னா, பக்கத்து வீட்டு பர்மாக்கார அம்மா, புத்த மதம், பேத்தியோட பள்ளிக்கூட சட்டைய கொண்டு வந்தாங்க, அக்குள்ல பிரிஞ்சு போயிருந்துச்சு. அவசரம் இல்லம்மான்னு சொல்லி வச்சுட்டு போகல, அங்கயே உக்காந்துட்டாங்க. ஒண்ணும் பேசல. எனக்கு பெரிய வெளிச்சம் எல்லாம் வரல, அந்த கிழிசல் மட்டும் கண்ணுல பட்டுச்சு, கை தானா நூல தேடுச்சு. பிரசங்கி 9:10ல "செய்யும்படி உன் கைக்கு நேரிடுவது எதுவோ, அதை உன் பெலத்தோடே செய்"னு இருக்கு, எல்லாம் மாயைன்னு சொன்ன அதே ஆளு சொன்னது. நான் பத்து நிமிஷத்துல தைச்சேன், அவங்க காசு கொடுத்தாங்க, வேண்டாம்னேன், வச்சுட்டு போயிட்டாங்க. அன்னைக்கு ராத்திரி நாலு மாசத்துல முதல் தடவையா வேற ஒருத்தருக்காக ஜெபம் பண்ணேன், அந்த பிள்ளைக்காக.

இப்பவும் அப்படித்தான் பண்றேன், லுங்கி மூட்டறப்போ அத கட்டப்போற ஆளு பேரு தெரிஞ்சா அந்த பேர சொல்லி, தெரியலன்னா சும்மா இந்த ஆளுக்காகன்னு. உங்க கடையில பில்லுல வாங்கறவங்க பேரு இருக்குமா தெரியல, முகமாவது இருக்கும் இல்லையா, அதுல ஒருத்தர வச்சு ஆரம்பிச்சு பாருங்க. இன்னைக்கு ராத்திரி பிலேமோன ஒரே மூச்சுல படிங்க, அஞ்சு நிமிஷம் கூட ஆகாது, 18ஆம் வசனம் வர்றப்போ ஒநேசிமுங்கற இடத்துல உங்க பேர போட்டு சத்தமா ஒரு தடவை வாசிங்க. எப்படி இருந்துச்சுன்னு கமெண்ட்ல எழுதுங்க தம்பி, நான் கரண்ட் வர்றப்போ பாப்பேன்.