கன்னியாக் கிணறும் ஜெனீவா விண்ணப்பமும்

மதிப்புக்குரிய சேர்,

நான் மூதூரைச் சேர்ந்தவள். திருகோணமலை கோணேசபுரி வளாகத்தில் பிரயோக பௌதிகமும் இலத்திரனியலும் படிக்கிறேன், மூன்றாம் வருடம். வாற வருடம் ஜூன், ஜூலை அளவில் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் கோடைகாலப் பயிற்சிக்கு விண்ணப்பிக்க ஆசை. எங்கள் பட்ச் வட்ஸ்அப் குழுவில் புலமைப்பரிசில் பட்டியல் ஒன்று சுற்றுகிறது. அதில் எதற்குப் போடுவது என்றே விளங்கவில்லை. என் ஜிபிஏ 3.1தான். கொழும்பு, பேராதனை மாணவர்களுக்கு இருக்கிற கருவிகள் எங்களுக்கு இல்லை. ஆய்வுக் கட்டுரை எதுவும் வெளியிட்டதில்லை.

நோக்கக் கட்டுரை எழுதி இணைத்திருக்கிறேன். "சிறுவயதிலிருந்தே விஞ்ஞானியாக வேண்டும் என்பது என் கனவு" என்று தொடங்கியிருக்கிறேன். திருத்தித் தருவீர்களா? போன வருடம் நானும் தோழிகளும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளின் வெப்பநிலையை ஆர்டுயினோ என்ற சின்ன மின்னணுப் பலகையில் சென்சர்களைப் பூட்டி அளந்து பார்த்தோம். சென்சர்கள் ஒன்றுக்கொன்று ஒத்துவராமல் பிழைத்துப்போனது. அதனால் அதை எழுதவில்லை. சிபாரிசுக் கடிதம் யாரிடம் வாங்குவது என்பதும் குழப்பம். அம்மாவுக்கு என்னைத் தனியே அனுப்பப் பயம் வேறு.

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கச்சிக்கு,

கட்டுரையின் முதல் பந்தியை அழித்துவிடுங்கள். நான் ஆய்வுகூடத்தில் வேலைசெய்த காலத்தில் கோடை மாணவர்களைத் தெரிவுசெய்யும் கோப்புக் கட்டு என் மேசைக்கும் வரும். சிறுவயதுக் கனவு, மொட்டைமாடியில் நட்சத்திரம் காட்டிய தாத்தா, ஐன்ஸ்டைன் சொன்னதாக இணையத்தில் உலவும் ஏதோ ஒரு வசனம். இந்த மூன்றில் ஒன்று இல்லாத கட்டுரையைத் தேடித்தான் எடுக்கவேண்டும். உங்கள் கனவு உண்மையானதாகவே இருக்கட்டும், ஆனால் பக்கத்துக் கோப்பில் இருப்பவரின் கனவிலிருந்து அதைப் பிரித்தறிய வாசிப்பவருக்கு வழியில்லை.

கடிதத்தின் கடைசியில், ஏதோ குற்றத்தை ஒத்துக்கொள்வதுபோல் கன்னியாவைப் பற்றி எழுதியிருக்கிறீர்களே, எனக்கு அந்த இடத்தில்தான் நிமிர்ந்து உட்காரத் தோன்றியது. அதைக் கொஞ்சம் விரித்துப் பேசுகிறேன்.

என்ன சென்சர் என்று நீங்கள் எழுதவில்லை. தண்ணீருக்குள் விடக்கூடிய, உருக்கு உறை போட்ட மலிவான சாமான் என்றால் பெரும்பாலும் டிஎஸ்18பி20 என்ற வெப்பநிலைச் சென்சராகத்தான் இருக்கும். அது 0.0625 பாகை வரை பிரித்துக் காட்டும். திரையில் நான்கு தசமதானம் தெரிந்ததும் நாமும் நம்பிவிடுகிறோம். தயாரிப்பாளர் உறுதி சொல்வதோ கூட்டல் கழித்தல் 0.5 பாகை செல்சியசுக்குத்தான். ஒரு சென்சர் அரைப்பாகை கூட்டியும் இன்னொன்று அரைப்பாகை குறைத்தும் காட்டினால், ஒரே வாளித் தண்ணீரில் ஒரு பாகை வித்தியாசம் வந்துவிடும். இரண்டும் பழுதில்லாத சென்சர்களே. கன்னியாவில் ஏழு கிணறும் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. ஒன்றின் சூடு மற்றதில் இல்லை என்பது அந்தியேட்டிக்குப் போய் வாளி விட்டுக் குளித்த எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த வித்தியாசம் சில பாகைக்குள் அடங்கிவிடுகிறது. ஆகவே நீங்கள் அளக்கப்போன வித்தியாசமும் உங்கள் கருவியின் வழுவும் கிட்டத்தட்ட ஒரே பருமன். உங்கள் பரிசோதனை பிழைத்துப்போகவில்லை. கருவியின் எல்லை எங்கே இருக்கிறது என்று கண்டுபிடித்துவிட்டு, அது தெரியாமல் வீட்டுக்கு வந்துவிட்டீர்கள்.

திரும்பச் செய்யுங்கள். உடைத்த ஐஸ் போட்டுக் கலக்கிய தண்ணீரில் எல்லாச் சென்சர்களையும் ஒன்றாகக் கட்டி இறக்கி, ஒவ்வொன்றும் பூச்சியத்திலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று குறியுங்கள். அதோடு விடவேண்டாம், பூச்சியத்தில் உள்ள விலகல் நாற்பது பாகையிலும் அப்படியே இருக்கும் என்றில்லை. வளாக ஆய்வுகூடத்தில் நல்ல வெப்பமானி ஒன்று இல்லாமலா போகும்? ஒரு பிளாஸ்க் சுடுநீரில் அதையும் சென்சர்களையும் சேர்த்து வைத்து இன்னொரு தரம் பாருங்கள். பிறகு கன்னியாவுக்குப் போகும்போது ஒரே சென்சரையே ஏழு கிணற்றிலும் இறக்குங்கள். உண்மையான வெப்பநிலை கொஞ்சம் தவறினாலும் கிணறுகளுக்கிடையிலான வித்தியாசம் தவறாது. ஏழாவது முடிந்ததும் முதலாவது கிணற்றுக்குத் திரும்பிவந்து மறுபடி அளக்கவேண்டும். அதற்குள் பத்துப்பேர் வாளி விட்டு அள்ளியிருப்பார்கள் அல்லவா, அதனால் என்ன மாறியது என்பதும் ஒரு தரவு.

இதற்குப் பின்னால் நல்ல கேள்வி ஒன்றும் இருக்கிறது. இந்தத் தீவில் உயிருள்ள எரிமலை கிடையாது. மழைநீர் பாறை வெடிப்புகள் வழியே ஆழத்துக்கு இறங்கி, அங்கே சூடேறி, வேறு வெடிப்புகள் வழியே மேலே வருகிறது என்பதே இங்குள்ள வெந்நீரூற்றுகளுக்குச் சொல்லப்படும் விளக்கம். அப்படியென்றால் மார்கழி மழைக்குப் பிறகு ஏழும் சேர்ந்து குளிர்கின்றனவா, சிலது மட்டுமா? சிலது மட்டும் என்றால் மேல்மட்ட நிலத்தடிநீர் அவற்றில் கலக்கிறதோ என்று ஐயப்பட இடமுண்டு. விடை தெரியாவிட்டாலும் பரவாயில்லை. கேள்வியை இந்த அளவுக்குக் கூர்மையாக்கிவிட்டு, அடுத்து எதை அளப்பீர்கள் என்று எழுதினால் போதும். எட்டுக் கிழமைக்கு ஒரு மாணவியை ஆய்வுகூடத்துக்குள் விடும் ஆய்வாளருக்கு இருக்கும் கவலை ஒன்றுதான்: கருவி காட்டும் இலக்கத்தைச் சந்தேகிக்கத் தெரிந்த பிள்ளையா, அப்படியே கொப்பியில் பதிந்துகொண்டு வரும் பிள்ளையா? கன்னியாக் கதை அதற்குப் பதில் சொல்லிவிடும். முழுக் கட்டுரையையும் நான் திருத்தித் தரமாட்டேன். என் ஆங்கிலத்தில் வந்தால் அது என் விண்ணப்பமாகிவிடும்.

கருவி இல்லை என்ற குறையை எங்கும் எழுதாதீர்கள். ஜெனீவாவின் செர்ன் ஆய்வுகூடம்போல 27 கிலோமீற்றர் சுற்றளவுள்ள துகள் முடுக்கியை வைத்திருப்பவர்களுக்குப் பேராதனையும் கோணேசபுரியும் ஒன்றுதான். ஜிபிஏ விஷயமும் அப்படியே. குறைந்தபட்சப் புள்ளி கேட்கும் இடங்களில் அதைப் பார்த்து ஒதுங்குங்கள், மற்ற இடங்களில் சான்றிதழே பேசட்டும். ஒரு செமஸ்டர் சறுக்கியதற்குக் காரணம் இருந்தால் ஒரு வரி, அதற்கு மேல் வேண்டாம்.

இனி அந்த வட்ஸ்அப் பட்டியல். முதலில் அதில் வெட்டவேண்டியவற்றை வெட்டுவோம். அமெரிக்காவின் தேசிய விஞ்ஞான மன்றம் பணம் கொடுக்கும் 'ஆர்இயூ' திட்டங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வதிவிடம் உள்ளவர்களுக்கும் உரியவை. பெங்களூரிலிருந்து இந்திய விஞ்ஞானக் கழகங்கள் மூன்று சேர்ந்து நடத்தும் கோடை ஆய்வுத் திட்டம் இந்தியாவில் படிப்பவர்களுக்கு. ஜெர்மனியின் 'ரைஸ்' பயிற்சித் திட்டம் வட அமெரிக்கா, பிரித்தானியா, அயர்லாந்துப் பல்கலைக்கழக மாணவர்களுக்கு. நம் பிள்ளைகள் இவற்றுக்கு இரவிரவாகப் படிவம் நிரப்பிவிட்டு, பதில் வரவில்லை என்று மனம் உடைவதைப் பார்க்கச் சகிக்கவில்லை. தகைமைப் பகுதியை முதலில் வாசிக்கப் பத்து நிமிடம் போதும்.

உங்களுக்குப் பொருந்துபவை என்றால், ஜெனீவாவுக்குப் பக்கத்திலுள்ள செர்ன் 1962இலிருந்து கோடை மாணவர் திட்டம் நடத்துகிறது. உறுப்பு நாடு அல்லாத நாடுகளிலிருந்தும் எடுக்கிறார்கள், இடங்கள் குறைவு. பௌதிக மாணவர்கள் மட்டும் என்றில்லை, இலத்திரனியல், கணினி மாணவர்களும் போடலாம். கோடைக்குள் மூன்று வருடப் படிப்பு முடிந்திருக்கவேண்டும் என்பது விதி. நம்மூரில் பரீட்சை பிந்துவது வழக்கம் என்பதால் உங்கள் மூன்றாம் வருடம் எப்போது முடியும் என்று பீடத்தில் இப்போதே கேட்டு வையுங்கள். ஹம்பர்க்கிலுள்ள டெசி, வியன்னாவுக்குப் பக்கத்திலுள்ள ஐஸ்டா, ஜப்பானின் ஒக்கினாவாவிலுள்ள ஓஐஎஸ்டி ஆகிய ஆய்வு நிறுவனங்களும் வெளிநாட்டு மாணவர்களை எடுப்பவை. இந்த நான்கில் ஒன்றும் விண்ணப்பிக்கக் காசு கேட்பதில்லை, தெரிவானால் செலவுக்கு அவர்கள்தான் தருவார்கள். "பதிவுக் கட்டணம் கட்டினால் இடம் உறுதி" என்று வருகிற மின்னஞ்சலைத் திறக்கவும் வேண்டாம். வெளிநாடு சரிவராவிட்டால் கண்டி ஹந்தானையில் அடிப்படை ஆய்வுகளுக்கான தேசிய நிறுவகம் இருக்கிறது. அங்குள்ள ஆய்வாளர் ஒருவரின் வேலையை வாசித்துவிட்டு நேரடியாக எழுதிக் கேளுங்கள். இதே கன்னியாப் பந்தி அங்கேயும் உதவும்.

சிபாரிசுக் கடிதத்தைப் பற்றிக் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். பீடாதிபதியிடம் போகாதீர்கள். அவருக்கு உங்களைத் தெரியாது, "நன்னடத்தையும் ஊக்கமும் உள்ளவர்" என்று எழுதுவார். அந்த வரியை இறந்தவரைப் பற்றியும் எழுதலாம். செய்முறை வகுப்பில் உங்கள் பக்கத்தில் நின்று, வரைபு ஏன் வளைகிறது என்று உங்களோடு வாதாடிய இளம் விரிவுரையாளர் ஒருவர் இருப்பார். அவரிடம் கேளுங்கள். "நீரே எழுதிக்கொண்டு வாரும், நான் சைன் பண்ணித் தாறன்" என்று அவர் சொல்லக்கூடும், நம்மிடம் அது பழகிப்போன சங்கதி. எழுதாதீர்கள். உங்கள் கட்டுரையும் கடிதமும் ஒரே நடையில் இருந்தால் வாசிப்பவர் உடனே பிடித்துவிடுவார். அதற்குப் பதிலாக, அவருடைய பாடத்தில் நீங்கள் செய்த வேலைகளை ஒரு பக்கத்தில் குறித்துக் கொடுத்து, "சேர், இதிலே உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதை மட்டும் எழுதுங்கோ" என்று சொல்லுங்கள். ஒரு மாதமாவது முன்கூட்டிக் கேட்கவேண்டும். பல நிறுவனங்கள் கடிதத்துக்கான இணைப்பை ஆசிரியருக்கே நேராக அனுப்பும், அது ஸ்பாமுக்குள் போய்க் கிடக்கும். பார்க்கச் சொல்லி ஞாபகப்படுத்துவது மரியாதைக் குறைவில்லை.

நாட்காட்டியும் நமக்கு எதிரிதான். அவர்களுக்கு விடுமுறையாக இருக்கும் ஜூன், ஜூலையில் நமக்குக் கச்சான் காற்றும் செமஸ்டரும். வரவு வீதத்துக்குப் பங்கம் வராமல் விடுப்பு எடுக்கத் துறைத்தலைவரின் எழுத்து மூல அனுமதி வேண்டும், தெரிவானபிறகு ஓடித்திரியாமல் இப்போதே வாய்வழி பேசி வையுங்கள். விண்ணப்பங்கள் பலதும் முடிகிற ஜனவரி, பெப்ரவரிக்கு முந்திய மாதங்கள் இங்கே அடைமழைக் காலம், மின்சாரம் போனால் எப்போது வரும் என்று சொல்லமுடியாது. ஐரோப்பாவில் நள்ளிரவு என்பது குளிர்காலத்தில் நமக்கு விடிய நாலரை மணி. அந்த நாலரையை நம்பி இருக்காமல் மூன்று நாள் முந்தி அனுப்பிவிடுங்கள்.

அம்மாவின் பயத்துக்கு என்னிடம் புத்திமதி இல்லை. வாதாடாமல் தாள்களைக் காட்டுங்கள்: எங்கே தங்குவது, யார் பொறுப்பாளர், காப்புறுதி என்ன, எந்தத் திகதி திரும்புவது. முன்பு போய்வந்த இலங்கைப் பெண்பிள்ளை ஒருவரைத் தேடிப்பிடித்தால், அந்தப் பிள்ளையின் அம்மாவோடு உங்கள் அம்மாவை ஐந்து நிமிடம் தொலைபேசியில் பேசவிடுங்கள். நீங்கள் ஐந்து மாதம் சொல்வதைவிட அது வேலை செய்யும்.

கடவுச்சீட்டு இல்லையென்றால் முடிவு வரும்வரை காத்திருக்கவேண்டாம். ஐரோப்பா என்றால் தெரிவுக் கடிதத்துக்கும் பயணத்துக்கும் இடையில் ஷெங்கன் வீசா வேறு எடுக்கவேண்டும், அதற்கே கொழும்புக்குப் போய் விரலடையாளம் கொடுக்கவேண்டி வரும். கடவுச்சீட்டுக்கு மட்டும் பத்தரமுல்லை வரை போகத் தேவையில்லை. வவுனியாவிலும் கிளை அலுவலகம் உண்டு, உங்களுக்கு அதுதான் கிட்ட.