பித்தக் குழாயைச் சூட்டால் ஒட்டினால் தாங்குமா?

கேள்வி: அப்பத்தாவுக்குப் பித்தப்பையை எடுத்தபோது குழாயில் கிளிப் போட்டார்கள். ரத்தக் குழாயை மின்சூட்டால் ஒட்டும் கருவியே அதற்கும் போதாதா? பன்றிகளில் இதை எப்படிச் சோதிக்கிறார்கள்?
– கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: முதல் சோதனைக்கு உயிருள்ள விலங்கு வேண்டியதில்லை. இறைச்சிக்கு அறுத்த பன்றியின் பித்தக் குழாய் போதும். அதை உப்புநீரில் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும். உலர்ந்த திசு பொய்க்கணக்கு காட்டும். விட்டத்தை அளந்து, ஒரு முனையைக் கருவியால் ஒட்டி, மறுமுனையில் மெல்லிய குழாயைச் செருகி நூலால் இறுக்குவார்கள். பிறகு சிரிஞ்ச் பம்பால் உப்புநீரை மெதுவாகச் செலுத்தினால் அழுத்தம் ஏறும். சட்டென்று விழுவதற்கு முந்தைய உச்சமே வெடிப்பழுத்தம். நூல் கட்டிய இடத்தில் கசிந்திருந்தால் அந்த அளவைத் தள்ளிவிட வேண்டும்.

ரத்தக் குழாய்க்கு 360 மி.மீ. பாதரசம், அதாவது இயல்பான ரத்த அழுத்தமான 120-இன் மும்மடங்கு, அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. பித்தக் குழாயில் இருப்பதோ சுமார் 10 மி.மீ. தான். ஆகவே முதல் நாள் எளிதில் தேறிவிடும். அதை நம்பக் கூடாது! ஒட்டின் ஓரத்தில் வெந்த திசு சில நாளில் அழுகி உதிரலாம். அப்போதுதான் பித்தம் வயிற்றுக்குள் கசியும்.

அதனால்தான் மயக்க மருந்து கொடுத்து உயிருள்ள பன்றியில் அறுவை செய்து, நாள்கணக்கில் வைத்துப் பார்க்கிறார்கள். ரத்தத்தில் பிலிருபின் (பித்தத்தின் மஞ்சள் நிறமி) அளவு, வயிற்றில் பித்தத் தேக்கம், நுண்ணோக்கியில் வெந்த பகுதியின் அகலம் மூன்றையும் பார்க்காத ஆய்வு அரைகுறைதான். இந்தியாவில் இதற்கு விலங்கு நெறிமுறைக் குழுவின் முன் அனுமதி கட்டாயம்.