மூன்று நாள் வாய் திறக்காத அம்மா

கேள்வி: அம்மாவுக்கு 68 வயது. கோயில் குழுவில் இருக்கும் ஒருவரின் வாட்ஸ்அப்பிலிருந்து, "தவறுதலாக உங்களுக்கு ஒரு ஆறு இலக்கம் வந்திட்டுது, அனுப்பிவிடுங்கோ" என்று கேட்க, அனுப்பிவிட்டா. கணக்குப் பறிபோனது. அம்மாவின் பெயரில் எல்லாரிடமும் காசு கேட்டிருக்கிறார்கள். இரண்டாம் நாள் சின்னம்மா 75,000 ரூபா போட்டுவிட்டா. நான் ஏசுவேன் என்று அம்மா மூன்று நாள் சொல்லவில்லை. லண்டனில் இருக்கும் தம்பி வாங்கிக் கொடுத்த போனை எடுத்துவிட்டுப் பட்டன் போன் கொடுக்கலாமா?
— வாசகி, உரும்பிராய்

பதில்: பிள்ளை, நீர் போனைப் பற்றிக் கேட்கிறீர். எனக்கு அந்த மூன்று நாள்தான் உறுத்துகிறது. முதல் நாளே அம்மா சொல்லியிருந்தால், சின்னம்மாவுக்கு ஒரு அழைப்பு எடுத்துக் காசைக் காப்பாற்றியிருக்கலாம். பெற்ற தாய் உமது வாய்க்குப் பயந்திருந்திருக்கிறா. முதலில் திருத்த வேண்டியது அது.

பட்டன் போனால் பயனில்லை. அந்த ஆறு இலக்கம்தான் வாட்ஸ்அப் கணக்கின் சாவி; அது குறுஞ்செய்தியாக சிம்முக்கு வருவது. கள்ளன் தன் போனின் வாட்ஸ்அப்பில் அம்மாவின் போன் இலக்கத்தை அடித்தால், பட்டன் போனுக்கும் அது வரும். வாசித்துச் சொன்னால் அதே கதைதான். கேட்டவரின் கணக்கும் முன்னமே பறிபோயிருக்கும். தெரிந்த முகம் என்றுதான் அம்மா நம்பினா.

இன்றே அம்மாவின் போனில் வாட்ஸ்அப்பைத் திறந்து அவவின் இலக்கத்தைப் பதியும். புதிதாக வரும் ஆறு இலக்கத்தைப் போட்டதும் கள்ளன் வெளியே போய்விடுவான். அவன் கணக்குக்குத் தன் இரகசிய இலக்கத்தைப் பூட்டாகப் போட்டிருந்தால் நீங்கள் உள்ளே போக 7 நாள் பொறுக்க வேண்டும்; அந்த நாட்களில் அவனாலும் உள்ளே இருக்க முடியாது. உள்ளே போனதும் செட்டிங்ஸில் 'லிங்க்ட் டிவைசஸ்' (கணக்கோடு இணைத்த மற்றக் கருவிகள்) பார்த்து, தெரியாத கருவிகளை வெட்டும். பிறகு 'டூ ஸ்டெப் வெரிபிகேஷன்' போடும்; அது கணக்குக்கு இரண்டாவது பூட்டாக ஒரு இரகசிய இலக்கம். அந்த இலக்கத்தை அம்மாவே தெரிவுசெய்து, தன் கையால் அடிக்கட்டும். பிறந்த திகதி வேண்டாம்.

காசுக்கு, கணக்கு சின்னம்மாவுடையது என்பதால் அவவே தன் வங்கிக்குச் சொல்ல வேண்டும்: காசு போன கணக்கிலக்கம், நேரம், பற்றுச்சீட்டு. எழுத்திலும் கொடுங்கள். செய்திகளை அழிக்காமல் படம் பிடித்து வைத்துப் பொலிஸில் முறைப்பாடு செய்யுங்கள். கணினி, இணையப் பாதுகாப்பைப் பார்க்கும் இலங்கை சேர்ட் (CERT) நிறுவனத்தின் 101 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அறிவியுங்கள். மூன்று நாள் கழிந்ததால் காசு எடுபட்டிருக்கவும் கூடும்.

திரும்பி வராவிட்டால் அந்த 75,000 ரூபாவை நீரும் தம்பியும் பங்கிட்டுச் சின்னம்மாவுக்குக் கொடுக்க வேண்டும். போனை வாங்கிக் கொடுத்தீர்கள். பக்கத்தில் இருந்து பழக்கிவிட ஒருவரும் நேரம் ஒதுக்கவில்லை. அம்மாவிடம் ஒரு சதமும் கேட்க வேண்டாம். சின்னம்மா வீட்டுக்கு அவவைத் தனியே அனுப்பவும் வேண்டாம், கூடப் போம்.